இலவச விருந்தின் கணக்கு

"தங்கும் அறை இலவசம்! சாப்பாடும் இலவசம்!" அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் உள்ள சூதாட்ட மையங்கள் தங்கள் வாடிக்கையாளர்களை இப்படி அழைப்பது வழக்கம். இச்சலுகையை அங்கே 'காம்ப்' என்பார்கள். இலாபத்திற்காக நடக்கும் ஒரு மையம் ஏன் இலவசமாகக் கொடுக்க வேண்டும்? யாருக்கு எவ்வளவு என்பதை எப்படி முடிவு செய்கிறது? மின்னியல் பகடை மேசையை எடுத்துக்கொண்டு இதனைச் சற்று ஆராய்வோம்.

மேசையும் திரையும்

'கிராப்ஸ்' என்பது இரண்டு பகடைகளைக் கொண்டு ஆடும் சூதாட்டம். 'பாஸ் லைன்' இதன் அடிப்படைப் பந்தயம். முதல் வீச்சில் 7 அல்லது 11 விழுந்தால் வெற்றி. 2, 3, 12 விழுந்தால் தோல்வி. வேறு எண் விழுந்தால், 7 விழுவதற்கு முன் அதே எண் மீண்டும் விழ வேண்டும்.

பழைய மேசையில் மேற்பார்வையாளர் ஒருவர் நின்று, ஆடுபவர் சராசரியாக எவ்வளவு வைக்கிறார், எவ்வளவு நேரம் ஆடுகிறார் என்று பார்த்துக் குறித்துக்கொள்வார். கூட்டமும் கூச்சலும் நிறைந்த இடத்தில் அது உத்தேசக் கணக்குதான். மின்னியல் மேசையில் நிலைமை வேறு. ஒரு வகையில், கண்ணாடிக் கூண்டுக்குள் பகடைகள் குதிக்கும். சுற்றியுள்ள ஒவ்வோர் இருக்கையிலும் தொடுதிரை இருக்கும். உறுப்பினர் அட்டையைச் செருகிவிட்டால், எந்தப் பந்தயம், எத்தனை டாலர், எந்த நேரம் என எல்லாமே கணினியில் பதிவாகிவிடும்.

கணக்கு எப்படி?

இடைநிலைப்பள்ளியில் 'கெபராங்காலியான்' என்று மலாயில் படித்தோமே, அந்த நிகழ்தகவுதான் இங்கும் அடிப்படை. பந்தயத் தொகையை மையத்தின் சாதக விகிதத்தால் பெருக்கினால் 'எதிர்பார்க்கும் இழப்பு' கிடைக்கும். அதில் ஒரு சிறு பங்கே சலுகையாகத் திரும்பி வருகிறது.

பாஸ் லைனில் மையத்தின் சாதகம் 1.41 விழுக்காடு. ஒருவர் 10 டாலர் வீதம் மணிக்கு 30 பந்தயங்கள், 4 மணி நேரம் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். மொத்தப் பந்தயம் 1,200 டாலர். எதிர்பார்க்கும் இழப்பு ஏறக்குறைய 17 டாலர். அதில் கால் பங்கு திரும்பினால் சலுகையின் மதிப்பு 4 டாலர் சொச்சம்.

இன்னொருவர் அடுத்த வீச்சில் 7 விழும் என்று ஒவ்வொரு வீச்சிலும் 1 டாலர் மட்டுமே வைக்கிறார். இதில் மையத்தின் சாதகம் 16.67 விழுக்காடு. மணிக்கு 100 வீச்சு என்றால், 4 மணி நேரத்தில் 400 டாலர் பந்தயம். எதிர்பார்க்கும் இழப்பு ஏறக்குறைய 67 டாலர்! சில்லறையாக ஆடியவருக்கே நான்கு மடங்கு இழப்பு. மேற்பார்வையாளரின் கண்ணுக்கு எளிதில் தெரியாத இந்த வேறுபாட்டைக் கணினி துல்லியமாக அறியும்.

பாஸ் லைனுக்குப் பின்னால் கூடுதலாக வைக்கும் 'ஆட்ஸ்' பந்தயத்தில் மையத்திற்குச் சாதகமே இல்லை. எனவே அதற்குச் சலுகை கொடுக்கவும் காரணம் இல்லை.

அட்டை செய்யும் வேலை

அட்டையைச் செருகினால் பகடை எதிராக விழும் என்று சிலர் அஞ்சுவதுண்டு. அட்டை பகடையைத் தொடுவதில்லை. ஆடுபவரின் பழக்கத்தைத்தான் பதிவு செய்கிறது. அந்தப் பதிவின் மதிப்பை உணர்ந்த ஹாராஸ் நிறுவனம், 1998இல் ஹார்வர்ட் வணிகப் பள்ளிப் பேராசிரியர் கேரி லவ்மனைத் தலைமை இயக்க அதிகாரியாக அமர்த்தியது. யாருக்கு எந்தச் சலுகை கொடுத்தால் மீண்டும் வருவார் என்பதைத் தரவுகளைக் கொண்டு கணிக்கும் முறை அங்கே வேரூன்றியது.

நம் நாட்டில் 21 வயதை எட்டிய, முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் கெந்திங் மலைச் சூதாட்ட மையத்தின் கதவு திறந்திருக்கிறது. பல்கலைக்கழக மாணவர்களாகிய நம்மில் பலர் அந்த வயதினரே. 'சூது' அதிகாரத்தில் வள்ளுவர் சூதில் வரும் வெற்றியையே மீன் விழுங்கும் தூண்டிலுக்கு ஒப்பிட்டார். இன்றோ தோற்றவருக்கும் தூண்டில் உண்டு. அதன் பெயர் இலவசம். 4 டாலர் சாப்பாட்டுக்கு 17 டாலர் கொடுப்பவர் யார் என்று ஒரு முறை பெருக்கிப் பார்த்தால் போதும், விருந்து வைப்பது யார் என்பது விளங்கிவிடும்.