இளைக்கும் குழந்தைக்கு எப்போது ஸ்டீராய்டு?

ஆஸ்துமா இளைப்பின்போது குழந்தையின் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. கூடவே குழாயின் உட்சுவர் வீங்கிச் சளியும் சேர்கிறது. இறுகிய தசையைச் சால்பியூட்டமால் சில நிமிடங்களில் தளர்த்திவிடும். வீக்கம் அதற்கு அடங்காது; அதை அடக்குவது ஸ்டீராய்டு. ஆனால் அது வேலை செய்யத் தொடங்க ஏறத்தாழ நான்கு மணி நேரம் பிடிக்கும்.

ஆரணி போன்ற ஊருக்கு இந்த நான்கு மணி நேரம் பெரிய விஷயம். இளைப்பு முற்றினால் வேலூருக்குப் போக வேண்டும். ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வழியில் போகும் நேரம் வீண். உள்ளூர் மருத்துவர் முதல் வேளை மருந்தைக் கொடுத்து அனுப்பினால் ஆம்புலன்ஸ் ஓடும்போதே மருந்தும் வேலையைத் தொடங்கியிருக்கும்.

ஆரணியின் பட்டு நெசவாளர் வீடுகளில் தறி ஓடும் கூடத்திலேயே குழந்தையும் உறங்கும். கோராப் பட்டின் பசையில் உள்ள செரிசின் என்ற புரதம் சிலருக்கு ஒவ்வாமையைத் தரும். அரிசி ஆலைத் தூசியும் மூச்சுக்கு ஆகாது. ஆனாலும் ஐந்து வயதுக்குள் வரும் இளைப்பை அதிகம் கிளப்புவது சளிக்காய்ச்சல் வைரஸ்தான். அதனால் தறியை மட்டும் குறை சொல்வது சரியல்ல.

எந்த இளைப்பு ஆபத்தானது என்பதைச் சட்டையைத் தூக்கிப் பார்த்தாலே அறியலாம். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளின் இடைவெளி உள்ளே குழியும், மூக்கு விடைக்கும். பாலை இரண்டு வாய் குடித்துவிட்டு மூச்சு வாங்கும், பேச்சு துண்டுதுண்டாக வரும். உதடு நீலம் பாய்ந்தாலோ, 'வீசிங்' சத்தம் நின்றும் குழந்தை துவண்டு கிடந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. சத்தம் அடங்கியதை நலம் என்று நினைப்பது மிகப் பெரிய ஆபத்து.

மருத்துவமனையில் முதல் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடங்களுக்கு ஒருமுறை சால்பியூட்டமால், தேவைப்பட்டால் ஆக்சிஜன். கடுமையான இளைப்பு என்றால் அந்த முதல் மணிக்குள்ளேயே ஸ்டீராய்டும் கொடுக்கப்படும். பெரும்பாலும் பிரெட்னிசோலோன்: கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம், மூன்று முதல் ஐந்து நாள். இரண்டு வயதுக்குக் கீழே நாளுக்கு 20 மில்லிகிராமும், இரண்டிலிருந்து ஐந்து வயது வரை 30 மில்லிகிராமும் உச்ச அளவு. ஊசி போட்டால்தான் கேட்கும் என்ற நம்பிக்கை தவறு. விழுங்கக்கூடிய குழந்தைக்கு வாய்வழி மருந்தே அதே பலனைத் தரும். சிரப்பில்தான் கவனம் வேண்டும். 5 மில்லியில் 5 மில்லிகிராம் உள்ளதும் கிடைக்கிறது, 15 மில்லிகிராம் உள்ளதும் கிடைக்கிறது. பாட்டில் மாறினால் அதே மூடி அளவில் மும்மடங்கு மருந்து போய்விடும்.

சளியோடு வரும் லேசான இளைப்புக்கெல்லாம் ஸ்டீராய்டு தேவையில்லை. இங்கிலாந்தில் ஐந்து வயது வரையிலான 687 குழந்தைகளிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், வைரஸால் வந்த இளைப்புக்குப் பிரெட்னிசோலோன் கொடுத்தும் மருத்துவமனையில் இருக்கும் நேரம் குறிப்பிடும்படி குறையவில்லை. 2018-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் குறைந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மருந்து கடும் இளைப்புக்கு உரியது, ஒவ்வொரு சளிக்கும் அல்ல என்பதே பொருத்தமான முடிவு.

ஸ்டீராய்டு என்றதும் பெற்றோருக்கு வரும் பயம் நியாயமானதே, ஆனால் இடம் மாறி நிற்கிறது. சில நாள் மருந்தால் பசி கூடும், குழந்தை நச்சரிக்கும், தூக்கம் கெடும், நிறுத்தியதும் சரியாகும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் ஆண்டுக்குப் பலமுறை வாங்கிக் கொடுப்பதில்தான் கேடு இருக்கிறது. வளர்ச்சி குன்றும், எலும்பு பலவீனமாகும், அட்ரீனல் சுரப்பி சோம்பிப்போகும். அம்மை கண்ட குழந்தையோடு பழகியிருந்தால் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்வது அவசியம்.

இளைப்பு திரும்பத் திரும்ப வந்தால் தினசரி இன்ஹேலர் ஸ்டீராய்டுதான் வழி. அதில் மருந்தின் அளவு மிகக் குறைவு. 2012-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், பல ஆண்டுகள் அதை எடுத்த பிள்ளைகளின் இறுதி உயரம் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் மட்டுமே குறைந்திருந்தது. சிறு குழந்தைக்கு இன்ஹேலரை ஸ்பேசரும் (மருந்தைத் தேக்கித் தரும் குழாய்) முகமூடியும் வைத்தே கொடுக்க வேண்டும். ஸ்பேசர் வாங்க முடியாத இடங்களுக்கு, 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலில் இன்ஹேலர் வாய் பொருந்தும்படி ஓட்டை போட்டுப் பயன்படுத்தலாம் என்று தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1999-இலேயே காட்டினார்கள். மருந்து முடிந்ததும் குழந்தையின் முகத்தைத் துடைத்து, வாய் கொப்பளிக்க வைத்தால் வாயில் வெண்படலம் பிடிக்காது.