கிருமியின் சுவரும் ஆக்ஸ்போர்டு ஆய்வுக்கூடமும்

'சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்' என்பது பழமொழி. உடல்நலத்தைப் பேணும்படி பெரியவர்கள் நமக்கு இதைச் சொல்வதுண்டு. ஆனால் சுவரை நம்பி வாழ்வது நாம் மட்டுமல்ல. நம்மைப் படுக்கையில் தள்ளும் பாக்டீரியாக்களும் ஒரு சுவரை நம்பியே வாழ்கின்றன. அந்தச் சுவரை வெல்லும் மருந்தை உலகுக்குத் தந்த ஓர் ஆய்வுக்கூடத்தைப் பற்றி இங்கே கூற விழைகிறோம்.

காலாண்டுத் தேர்வில், "பெனிசிலினைக் கண்டுபிடித்தவர் யார்?" என்ற வினாவுக்கு எங்கள் வகுப்பில் அனைவரும் "அலெக்சாண்டர் பிளெமிங்" என்று எழுதி முழு மதிப்பெண் பெற்றோம். விடைத்தாளைத் தந்த விஞ்ஞான ஆசிரியை, "சரி, அதை மருந்தாக்கியவர்கள் யார்?" என்று கேட்டார். வகுப்பே மௌனமாயிற்று. நூலகத்தில் தேடிப் படித்தபோதுதான் நாங்கள் எழுதியது பாதி விடையே என்று புரிந்தது.

முதலில் அந்தச் சுவரைப் பார்ப்போம். சைக்கிள் சக்கரத்தில் டியூபுக்கு மேலே டயர் இருப்பதை நாம் அறிவோம். டயர் இல்லாமல் டியூபில் காற்றடித்தால் அது வீங்கி வெடித்துவிடும். பாக்டீரியாவின் செல்லும் அத்தகையதே. அதன் உள்ளே உப்பும் சர்க்கரையும் புரதமும் செறிந்திருப்பதால் வெளியிலுள்ள நீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். மெல்லிய சவ்வு மட்டும் அதைத் தாங்காது. சவ்வைச் சுற்றியுள்ள செல் சுவரே டயர்போல் அதை இறுக்கிப் பிடிக்கிறது. கயிற்றுக் கட்டிலின் பின்னலைப்போல, நீளவாட்டில் சர்க்கரைச் சங்கிலிகளும் குறுக்கே அமினோ அமிலங்களாலான சிறு கயிறுகளும் கோத்து அது அமைந்திருக்கிறது. மனித செல்லுக்கு இத்தகைய சுவர் கிடையாது. ஆகவே சுவரை மட்டும் தாக்கும் மருந்து, கிருமியைக் கொன்று நம்மை விட்டுவிடும்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் 'சர் வில்லியம் டன் நோயியல் கூடம்' என்ற ஆய்வு நிலையம் உள்ளது. 1935இல் ஆஸ்திரேலியரான ஹோவர்டு புளோரி அங்கே பேராசிரியரானார். ஹிட்லரின் ஆட்சிக்கு அஞ்சி 1933இல் ஜெர்மனியை விட்டு வந்த யூதரான எர்னஸ்ட் செயின் அவருடன் சேர்ந்தார். அவர்கள் முதலில் ஆராய்ந்தது பெனிசிலினை அல்ல; நம் கண்ணீரிலுள்ள லைசோசைம் என்ற பொருளை! அதுவும் பிளெமிங் கண்டறிந்ததே. சில பாக்டீரியாக்களின் சுவரிலுள்ள சர்க்கரைச் சங்கிலியை அது வெட்டிவிடும். கிருமிகளைக் கொல்லும் இதுபோன்ற வேறு பொருள்களைப் பற்றிப் படிக்கையில், பிளெமிங் 1929இல் வெளியிட்ட பெனிசிலின் கட்டுரை செயினின் கண்ணில் பட்டது. 1928இல் பூசணத்தில் அப்பொருளைக் கண்ட பிளெமிங்கால் அதைத் தூய மருந்தாகப் பிரித்தெடுக்க இயலவில்லை. ஆக்ஸ்போர்டு குழுவினர் அதைச் செய்யத் துணிந்தனர்.

1940 மே 25ஆம் நாள் எட்டு எலிகளுக்குக் கொடிய கிருமியைச் செலுத்தினர். நான்கிற்கு மட்டும் பெனிசிலின் கொடுத்தனர். நார்மன் ஹீட்லி என்ற இளம் விஞ்ஞானி அதிகாலை 3.45 மணிவரை அவற்றின் அருகிலேயே இருந்தார். மருந்து பெறாத நான்கும் இறந்தன. மருந்து பெற்ற நான்கும் பிழைத்திருந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் 'லான்செட்' இதழில் வந்த கட்டுரையில் ஏழு பெயர்கள் அகர வரிசையில் இருந்தன. தலைவர் புளோரியின் பெயர்கூட இரண்டாவதுதான்! மார்கரெட் ஜென்னிங்ஸ், ஜீன் ஓர்-யூயிங் ஆகிய இரு பெண்மணிகளும் அந்த எழுவரில் அடங்குவர்.

அது இரண்டாம் உலகப் போர்க்காலம். கருவிகள் கிடைக்கவில்லை. பூசணம் வளர்க்க ஹீட்லி மருத்துவமனைப் படுக்கைச் சட்டிகளைப் பயன்படுத்தினார். பிறகு அதே அமைப்பில் பீங்கான் பாத்திரங்கள் செய்வித்தார். மருந்தைப் பிரிக்கும் பொறியில் பால் கேன்களும் பழைய குளியல் தொட்டியும் இடம்பெற்றன. பாத்திரங்களில் பூசண வித்துக்களை இட்டு, அடியில் சேர்ந்த நீரை எடுக்கும் ஓயாத வேலைக்கு ஆறு இளம்பெண்கள் அமர்த்தப்பட்டனர்.

1941 பிப்ரவரி 12ஆம் நாள் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற 43 வயதுப் போலீஸ்காரருக்கு அம்மருந்து தரப்பட்டது. முகமெங்கும் சீழ் பரவி ஒரு கண்ணையும் இழந்திருந்த அவர் சில நாட்களில் எழுந்து உட்கார்ந்து உணவு கொண்டார். ஆனால் மருந்து தீர்ந்துவிட்டது. அவரது சிறுநீரிலிருந்துகூடப் பெனிசிலினைப் பிரித்தெடுத்து மீண்டும் செலுத்தினர். அதுவும் போதவில்லை. நோய் திரும்பியது; மார்ச் 15ஆம் நாள் அவர் இறந்தார்.

இதைப் படித்தபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சென்ற ஆண்டு விடுதியில் எங்களில் ஒருத்திக்குத் தொண்டைப் புண்ணும் காய்ச்சலும் வந்தன. மருத்துவர் பத்து நாட்களுக்கு மாத்திரை கொடுத்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மீதியை அவள் பெட்டிக்குள் போட்டுவிட்டாள். நாங்களும் "கசப்பு மாத்திரை எதற்கடி?" என்று சிரித்தோம். இரண்டே வாரத்தில் காய்ச்சல் திரும்பி வந்து அவளை வாட்டியது. இத்தகைய தொண்டைப் புண்ணைச் சரிவரக் கவனிக்காவிட்டால் சிலருக்கு இதயமே பழுதாகலாம் என்று மருத்துவர் எச்சரித்தார். அந்தப் போலீஸ்காரருக்கு மருந்து இல்லை. எங்களுக்கோ மருந்து பெட்டிக்குள் இருந்தது!

பெனிசிலின் சுவரை எவ்வாறு வெல்கிறது? அது பட்ட பாக்டீரியாக்கள் நீண்டு, வீங்கி, வெடிப்பதை 1940லேயே அதே குழுவின் கார்டனர் கண்டார். காரணத்தை 1965இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிப்பர், ஸ்டிராமிங்கர் இருவரும் விளக்கினர். கட்டிலின் குறுக்குக் கயிறுகளை முடிச்சுப் போட பாக்டீரியாவிடம் ஒரு நொதி உண்டு. பெனிசிலினின் உருவம் அந்தக் கயிற்றின் நுனியைப் போலவே இருக்கும். நொதி ஏமாந்து அதைப் பற்றிக்கொள்ளும், பிறகு விடமுடியாது. முடிச்சில்லாத சுவர் தளர்ந்து, நீர் புகுந்து, கிருமி வெடித்துவிடும்.

கிருமியும் சும்மா இருக்கவில்லை. பெனிசிலினையே அழிக்கும் நொதியைச் சில பாக்டீரியாக்கள் உண்டாக்குகின்றன என்று செயினும் ஆபிரகாமும் 1940லேயே அறிவித்தனர். எனவே இம்மருந்துகளை மருத்துவர் சொல்லாமல் உண்பதும் தவறு. சொன்னபடி உண்ணாமல் விடுவதும் தவறு.

1945இல் பிளெமிங், புளோரி, செயின் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு பரிசை மூவருக்குமேல் பகிர்வதில்லை. ஹீட்லிக்கு 1990இல்தான் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் கௌரவ மருத்துவ டாக்டர் பட்டம் வழங்கியது. அந்த ஆறு பெண்களுக்குப் பட்டமும் இல்லை, பரிசும் இல்லை.

ஊர் கூடினால்தான் தேர் நகரும். தேரின் உச்சியிலுள்ள கலசம் எல்லார் கண்ணிலும் படும். வடம் பிடித்த கைகளை யார் எண்ணுவார்? ஆகவே எங்கள் பாதி விடையை இங்கே முடித்து வைக்கிறோம்: ரூத் காலோ, கிளேர் இனாயத், பெட்டி குக், பெகி கார்டனர், மேகன் லங்காஸ்டர், பாட்ரிசியா மெக்கெக்னி. தோழியரே, அடுத்த முறை மாத்திரையை விழுங்கும்போது இவர்களையும் நினைத்துக்கொள்வோம்; கடைசி மாத்திரைவரை விழுங்குவோம்!

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு