காப்பிக் கடையில் கற்கும் ஆங்கிலம்

ஆங்கிலத்தில் கடிதம் வரையத் தெரிந்தவர். ஆங்கிலச் செய்தித்தாளைத் தடையின்றிப் படிப்பவர். முப்பது ஆண்டுகள் அலுவலகக் கோப்புகளை அம்மொழியிலேயே எழுதி ஓய்வு பெற்றவர். இத்தகைய பெரியவரும் கனடா நாட்டு டொரொன்டோ நகரில் ஒரு காப்பிக் கடையின் முன் நா எழாமல் நிற்பதுண்டு. அவர் கேட்க விரும்புவது ஒரு கோப்பைக் காப்பிதான். ஆனால், பின்னே வரிசை நீள்கிறது. எதிரே நிற்கும் பணிப்பெண் விரைவாக ஏதோ வினவுகிறாள். அதற்குள் மகனோ மருமகளோ முன்வந்து பேசி முடித்துவிடுகின்றனர். பெரியவர் ஓரடி பின்வாங்கி நின்றுகொள்கிறார்.

இது மிகச் சிறிய நிகழ்ச்சியே. ஆயினும், கடையிலும் பேருந்திலும் மருத்துவரிடத்தும் இதுவே நாள்தோறும் நிகழுமானால், ஊரில் பத்துப் பேருக்கு அறிவுரை கூறிய ஒருவர், பிள்ளையின் வீட்டில் வாய் பேசாதவராகவே ஆகிவிடுகிறார். 1983ஆம் ஆண்டின் வன்செயல்களுக்குப் பின் இலங்கைத் தமிழர் பல்லாயிரவர் கனடாவில் குடியேறினர். தமிழகத்துக் குடும்பங்களும் பல அங்கு வாழ்கின்றன. பிள்ளைகள் காலூன்றியபின் பெற்றோரை அழைத்துக்கொள்கின்றனர். ஆகவே, காப்பிக் கடையின் ஆங்கிலம் நம் குடும்பங்கள் பலவற்றின் தேவையாகவே இருக்கிறது.

கடைக்கென்று ஒரு மொழி

நம் ஊர்ச் சிற்றுண்டிச்சாலைக்கு ஓர் அயல்நாட்டார் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தமிழ் இலக்கணத்தை முறையாகப் பயின்றவர். எனினும், 'டிகிரி காப்பி' என்றால் என்ன, 'அரைச் சர்க்கரை' என்றால் எவ்வளவு என்பன எந்த இலக்கண நூலிலும் அவருக்குக் கிட்டியிரா. கடையில் நின்று, காதால் கேட்டு, வாயால் சொல்லியே அவற்றை அறிந்துகொள்ளல் வேண்டும்.

கனடாவிலும் அப்படியே. அந்நாட்டில் மூலைக்கு மூலை காணப்படும் காப்பிக் கடை டிம் ஹார்ட்டன்ஸ் என்பது. டிம் ஹார்ட்டன் என்ற பனிவளைகோல் பந்தாட்ட வீரரின் பெயரால், 1964இல் ஒன்டாரியோ மாநிலத்து ஹாமில்டன் நகரில் அதன் முதற்கடை திறக்கப்பட்டது. அங்கே செல்வோர் பலர் 'டபுள் டபுள்' என்று மட்டும் சொல்லிக் காப்பியைப் பெற்றுக்கொள்வர். இருமடங்கு பாலேடு, இருமடங்கு சர்க்கரை என்பது அதன் பொருள். மக்கள் நாவில் நெடுநாள் வழங்கிய இச்சொல், 2004இல் வெளிவந்த கனடிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் இரண்டாம் பதிப்பிலும் இடம்பெற்றது.

அளவைக் குறிக்கும் சொற்களும் இத்தகையனவே. 2012இல் அக்கடைகள் தம் கோப்பைகளின் பெயர்களை மாற்றியமைத்தன. அதுவரை 'மீடியம்' எனப்பட்ட கோப்பை 'ஸ்மால்' ஆயிற்று. 'லார்ஜ்' எனப்பட்டது 'மீடியம்' ஆயிற்று. அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் அன்று புதிதாகக் கேட்கக் கற்க நேர்ந்தது. எனவே, புதிதாக வந்தவர் தடுமாறுவதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை.

மரியாதை எங்கே உறைகிறது?

தமிழில் மரியாதை வினைச்சொல்லின் ஈற்றிலேயே உறைந்து கிடக்கிறது. 'ஒரு காப்பி கொடுங்கள்' என்னும்போது அந்த 'உங்கள்' ஈறே பணிவு முழுவதையும் சுமந்து செல்கிறது. ஆங்கில வினைச்சொல்லில் அத்தகைய ஈறு இல்லை. ஆதலால், அதே வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றி, 'கிவ் மீ எ காஃபி' என்று நாம் கூறினால், நம் உள்ளத்தில் உள்ள பணிவு கேட்பவர் செவிக்கு எட்டுவதில்லை. 'கொண்டு வா' என்று ஏவுவது போலவே அது ஒலிக்கும்.

ஆங்கிலத்தில் மரியாதையைத் தனிச்சொற்களில் வைத்துச் சொல்லல் வேண்டும். 'குட் ஐ ஹேவ் எ ஸ்மால் காஃபி, ப்ளீஸ்?' என்பது பணிவான முறை. 'கேன் ஐ கெட் எ ஸ்மால் காஃபி, ப்ளீஸ்?' என்பது அங்குள்ள கடைகளில் மிகுதியாக வழங்குவது. இறுதியில் வரும் 'ப்ளீஸ்' என்னும் சொல்லை நம் 'உங்கள்' ஈற்றுக்கு நிகரானதெனக் கொள்ளலாம். கோப்பை கைக்கு வந்தவுடன் 'தாங்க் யூ' என்பதும் அவ்வாறே. சிறு உதவிகளுக்கு நாம் புன்னகையாலும் தலையசைப்பாலும் நன்றி காட்டுவோம். அங்கோ வாய்ச்சொல்லையே எதிர்பார்ப்பர்.

'ஹவ் ஆர் யூ?' என்ற வினாவும் பலரைத் திகைக்க வைக்கும். முன்பின் அறியாத பெண் நம் நலத்தை ஏன் வினவுகிறாள் என்று தோன்றும். முழங்கால் வலியை அவளிடம் விளக்கத் தொடங்குதல் வேண்டா. அது வணக்கத்தின் ஒரு வடிவமே. 'குட், தாங்க்ஸ்' என்று சொல்லிவிட்டு, வேண்டியதைக் கேட்கலாம்.

நாவும் செவியும்

நாம் 'காப்பி' என்கிறோம். ஆங்கிலத்தில் 'காப்பி' என்றால் படி, நகல் என்பது பொருள். ஆகவே, கடையில் அவ்வாறு சொன்னால் கேட்பவர் விழிப்பதில் வியப்பில்லை. மேற்பற்களைக் கீழுதட்டின்மேல் மெல்ல வைத்துக் காற்றை ஊதினால் 'ஃப' என்னும் ஒலி பிறக்கும். கண்ணாடியின் முன் நின்று பத்து முறை 'காஃபி' என்று சொல்லிப் பார்த்தல் போதும்.

நாவைவிடச் செவிக்கே பயிற்சி மிகுதியாகத் தேவை. கடையில் வரும் வினாக்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டியே வரும். 'ஃபார் ஹியர் ஆர் டு கோ?' என்றால், இங்கேயே அமர்ந்து அருந்துவதா, எடுத்துச் செல்வதா என்பது பொருள். இதனையே இங்கிலாந்தில் 'ஈட் இன் ஆர் டேக் அவே?' என்பர். 'எனிதிங் எல்ஸ்?' என்றால் வேறேதும் வேண்டுமா என்பது. வேண்டாவிடில், 'தட்ஸ் ஆல், தாங்க் யூ' என்று மறுமொழி கூறலாம்.

விளங்காத வினாவுக்கெல்லாம் 'யெஸ்' என்று தலையாட்டும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. இதனைக் கட்டாயம் விட்டொழித்தல் நன்று. நீரிழிவு நோயுள்ள ஒருவர் இவ்வாறு தலையாட்டியதால், சர்க்கரையும் பாலேடும் நிறைந்த கோப்பையைப் பெற்றுக்கொண்டு, திருப்பிக் கொடுக்கவும் சொல்லின்றி அதனை அருந்திவிடக்கூடும். 'நோ ஷுகர், ப்ளீஸ்' என்ற மூன்று சொற்கள் அவர் உடல்நலத்தைக் காக்க வல்லவை. பாலேடு வேண்டாது பால் மட்டும் வேண்டுவோர், 'வித் மில்க்' என்று தெளிவாகக் கூறல் வேண்டும். வினா விளங்கவில்லையெனில், 'சாரி?' என்று குரலைச் சற்றே உயர்த்திக் கேட்டால் போதும், மீண்டும் சொல்வார்கள். அவ்வாறு கேட்பதை அங்கு எவரும் இழிவாகக் கருதுவதில்லை.

காசு கொடுக்கும் நேரம்

பலகையில் கண்ட விலையை எண்ணிக் கையில் வைத்திருப்பவர், பணிப்பெண் அதனினும் கூடுதலான தொகையைச் சொல்லக் கேட்டுக் குழம்புவார். அங்குப் பலகை விலையில் வரி சேர்வதில்லை. ஒன்டாரியோவில் 2010 முதல் நடைமுறையில் உள்ள விற்பனை வரி 13 விழுக்காடு. உடனே உண்ணத்தக்க உணவுக்கும் பானத்துக்கும் மொத்த விலை நான்கு டாலருக்கு மேற்படாவிடில் 5 விழுக்காடு மட்டுமே. மேலும், ஒரு சென்ட் நாணயம் 2013 முதல் வழங்கப்படுவதில்லையாதலால், ரொக்கமாகக் கொடுக்கும்போது தொகையை ஐந்து சென்ட் கணக்கிற்கு முழுமையாக்கிக்கொள்வர். இவற்றை முன்னரே அறிந்தவர், சொல்லப்படும் தொகையைக் காதில் வாங்கிக்கொள்ள அஞ்சமாட்டார்.

எங்கே கற்பது?

கனடாவில் நிரந்தரக் குடியுரிமம் பெற்றுப் புதிதாக வந்தோர்க்கு, அந்நாட்டு நடுவண் அரசு 1992இல் தொடங்கிய மொழிப் பயிற்சித் திட்டம் ஒன்று உண்டு. 'லிங்க்' என்று அதனைச் சுருக்கமாக அழைப்பர். வகுப்புக்குக் கட்டணம் இல்லை. கடை, மருத்துவமனை, பேருந்து என்று அன்றாட வாழ்வைச் சார்ந்தே அங்குப் பாடம் நடத்துவர். டொரொன்டோ பொது நூலகமும் ஆங்கில உரையாடல் வட்டங்களை நடத்துகிறது. ஞாயிறு திருப்பலிக்குப் பின் பங்கு மண்டபத்தில் காப்பி வழங்கும் வழக்கம் பல பங்குகளில் இருப்பதால், அவசரமின்றிப் பேசிப் பழக அதுவும் நல்ல இடம்.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. கனடியக் குடிமகனாக விரும்புவோருள் 18 முதல் 54 வயது வரை உள்ளோரே மொழித்திறனுக்குச் சான்று காட்டல் வேண்டும். ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவரிடம் சட்டம் ஆங்கிலம் கேட்பதில்லை. ஆனால், காப்பிக் கடை கேட்கிறது. மருந்துக் கடை கேட்கிறது. அடுத்த வீட்டாரும் கேட்கின்றனர். சட்டம் விலக்களித்ததென்று குடும்பமும் அவர்களை விலக்கி வைத்துவிடலாகாது.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்

பெற்றோர்க்காக நாமே பேசிவிடுவது அன்பினால் செய்யும் செயல்தான். ஆனால், அவ்வன்பு அவர்கள் வாயைப் பூட்டிவிடவும் கூடும். கற்றுக்கொடுப்பதும் காத்திருப்பதும் அதனினும் சிறந்த அன்பு. வீட்டு மேசையையே கடையாக்குங்கள். பேரப்பிள்ளை பணியாளராக நிற்கட்டும். பாட்டி காப்பி கேட்கட்டும். நாலைந்து வாக்கியங்கள் நாவில் பதிந்தபின், கூட்டமில்லாத பிற்பகல் வேளையில் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் பின்னே நின்றுகொள்ளுங்கள். அவர்கள் தடுமாறினும் உடனே குறுக்கிட வேண்டா. பிழையைப் பணியாளர் முன்னிலையில் திருத்தவும் வேண்டா; வீடு திரும்பியபின் சொல்லிக்கொள்ளலாம்.

இன்று கைப்பேசியில் தொட்டும், கடையின் திரையில் தொட்டும், வாய் திறவாமலே காப்பி வாங்கிவிடலாம். அது பிள்ளைகளின் அவசரத்திற்கு உதவும். ஆனால், புதிய ஊரில் ஒரு மனிதரிடம் பேசி, அவர் தம்மைப் புரிந்துகொண்டதை அறியும் மகிழ்ச்சியைத் திரை தருவதில்லை. காப்பிக் கடையில் பேசத் துணிந்த தாய், நாளை மருத்துவரிடம் தம் வலியைத் தாமே எடுத்துரைப்பார். பேருந்து ஓட்டுநரிடம் வழி கேட்பார். பேரனின் ஆசிரியரிடம் இரண்டு சொற்கள் பேசுவார். அந்நாள் வருவதற்குப் பிள்ளைகள் கொடுக்கவேண்டிய விலை, கடை வரிசையில் ஒரு நிமிடப் பொறுமை மட்டுமே.