தனிமை எங்கே தொடங்குகிறது?

திருவான்மியூரைத் தாண்டித் தெற்கே சென்றால் கொட்டிவாக்கம். கிழக்கே கடலும் மீனவர் குப்பமும். நடுவில் கிழக்குக் கடற்கரைச் சாலை. மேற்கே பக்கிங்காம் கால்வாய்க்கு அப்பால் பழைய மாமல்லபுரம் சாலை. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பின் இப்பகுதி முழுவதும் வேகமாக மாறிற்று. கொட்டிவாக்கம் 2011இல் சென்னை மாநகராட்சியோடும் சேர்ந்துவிட்டது. கணினி நிறுவனங்களுக்கு வேலைக்கு வந்த வெளியூர் இளைஞர்கள் இங்கும் அக்கம்பக்கத்திலும் அறை எடுத்துத் தங்குகின்றனர். ஓர் அறையில் மூவர், நால்வர். அலுவலகத்தில் கூட்டம், பேருந்தில் கூட்டம், சாப்பிடும் மெஸ்ஸிலும் கூட்டம்.

இத்தனை நெரிசலில் தனிமைக்கு ஏது இடம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் தனித்திருத்தல் வேறு, தனிமையுணர்வு வேறு. மலைக்குகையில் ஒற்றையாய் வாழும் துறவிக்குத் தனிமையுணர்வு இல்லாதிருக்கலாம். நால்வர் படுத்திருக்கும் அறையில், சுவர்ப்பக்கம் திரும்பிக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞனுக்கு அது நிறையவே இருக்கலாம். வேண்டிய உறவுக்கும் கிடைத்த உறவுக்கும் இடையே உள்ள தூரமே தனிமையுணர்வு. உலகில் ஆறு பேரில் ஒருவரை இது வாட்டுகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் குழு 2025இல் அறிவித்தது.

ஊர் விட்டு வந்தது, இரவுப் பணி, கையில் பணமின்மை என்று இதற்குக் காரணங்கள் பல. இங்கே நாம் பார்க்கப்போவது ஒன்றை மட்டுமே. ஒரே அறையில், ஒரே வேலையில் இருக்கும் இருவரில் ஒருவன் ஒரு மாதத்தில் நாலு நண்பர்களைச் சேர்த்துக்கொள்கிறான். மற்றவன் மூன்றாண்டுகள் ஆகியும் ஒருவரோடும் ஒட்டுவதில்லை. ஏன்?

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சேத் போலாக் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு துப்புத் தருகிறது. சிறுவர்களுக்கு மனித முகப் படங்களைக் காட்டினார்கள். ஒரு படத்தில் முகம் தெளிவில்லாமல் இருக்கும். அடுத்தடுத்த படங்களில் சிறிது சிறிதாகத் தெளியும். அந்த முகத்தில் இருப்பது மகிழ்ச்சியா, அச்சமா, சினமா என்று சொல்ல வேண்டும். வீட்டில் அடிபட்டு வளர்ந்த பிள்ளைகள், மற்ற உணர்ச்சிகளில் ஏனையோரை மிஞ்சவில்லை. சினத்தை மட்டும் மற்றவர்களைவிட முன்னதாகவே, படம் சரியாகத் தெளியும் முன்னரே கண்டுகொண்டார்கள்.

இது ஒரு திறமைதான், ஐயமில்லை. அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும் ஓசையிலிருந்தே இன்று அடி உண்டா இல்லையா என்று கணிக்க வேண்டிய பிள்ளைக்கு இது உயிர்க்கவசம். மூளையின் அடிப்பகுதியில் வாதுமைப் பருப்பு வடிவில் அமைந்த அமிக்டலா என்னும் பகுதி ஆபத்தை முகர்ந்து எச்சரிக்கிறது. உடனே அட்ரினலின், கார்டிசால் ஆகிய சுரப்புகள் இரத்தத்தில் ஏறுகின்றன, இதயம் படபடக்கிறது, உடல் ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தமாகிறது. எப்போதோ ஒருமுறை என்றால் கேடில்லை. நாள்தோறும் நேர்ந்தால், அந்த எச்சரிக்கை மணி சிறு அசைவுக்கும் அடிக்கப் பழகிவிடுகிறது.

பிள்ளை வளர்ந்து இருபத்தைந்து வயது இளைஞனாகிறான். அடித்தவர் எங்கோ தொலைவில் இருக்கிறார். மணி மட்டும் கூடவே வந்திருக்கிறது. அறைத் தோழர் அலுப்பில் முகம் சுளித்தால், "என்னைப் பிடிக்கவில்லை" என்று அவன் அதைப் படிக்கிறான். மூலையில் இருவர் சிரித்தால் தன்னைப் பார்த்தே சிரிப்பதாக எண்ணி ஒதுங்குகிறான். ஒதுங்குகிறவனைப் பிறரும் நாளடைவில் விட்டுவிடுகிறார்கள். "நான் நினைத்தது சரிதான்" என்று அவனுக்கு உறுதியாகிறது. கைப்பேசியில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே படிக்க வேண்டிய முகம் இல்லை. அதனால் அவன் அங்கே குடியேறுவதில் வியப்பென்ன? தன்னைப் போலவே புண்பட்டுக் கசந்தவர்களை அவன் அங்கே சந்திப்பதும், ஆறுதல் தேடிப் போனவன் யார் மீதாவது வெறுப்பைச் சுமந்து திரும்புவதும் உண்டு. கைப்பேசிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்வோர் கதையைப் பாதியில் தொடங்குகிறார்கள் என்பது என் எண்ணம்.

ஆண்பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. "அடி உதவுகிறாற்போல் அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று நம்மவர் பெருமையாகவே சொல்வார்கள். அடி வாங்கியபின் அழுதால், "ஆம்பிளப் புள்ள அழலாமா?" என்று அதற்கும் ஓர் அதட்டல். வலி ஒன்று, வலியைச் சொல்லக்கூடாது என்ற கட்டளை மற்றொன்று. 2007இல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம், 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் எடுத்த ஆய்வை வெளியிட்டது. (தமிழ்நாடு அவற்றில் இடம்பெறவில்லை.) மூவரில் இருவர் அடிபட்டிருந்தனர், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆண்பிள்ளைகள். பாலியல் கொடுமைக்கு ஆளானோரிலும் ஆண்பிள்ளைகள் பாதிக்குக் குறையவில்லை. பள்ளியில் அடிப்பதை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடுத்துவிட்டது. 2012இல் வந்த போக்சோ சட்டமும் ஆண், பெண் என்று வேறுபாடு பார்ப்பதில்லை. வீட்டுக்குள் நடப்பது வேறு கதை.

இவை உடம்பையும் மனத்தையும் எவ்வளவு தூரம் தொடர்கின்றன? அமெரிக்க மருத்துவர்கள் ஃபெலிட்டி, அண்டா ஆகியோரின் குழு 9,508 பெரியவர்களின் பிள்ளைப்பருவத்தை விசாரித்து 1998இல் முடிவுகளை வெளியிட்டது. அடி, அவமதிப்பு, வீட்டில் குடிகாரர் இருத்தல் போன்ற ஏழு வகைத் துன்பங்களில் நான்கு அல்லது அதற்கு மேல் பட்டவர்களுக்கு, ஒன்றுமே படாதவர்களைக் காட்டிலும் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவை நேரும் வாய்ப்பு 4 முதல் 12 மடங்கு வரை மிகுந்திருந்தது. வாய்ப்புத்தான், விதியல்ல. நான்கும் பட்டு நலமாக வாழ்வோர் ஏராளம்.

நம் நாட்டில் 2022இல் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் நூற்றுக்கு ஏறக்குறைய 72 பேர் ஆண்கள். அத்தனை பேருக்கும் துயரம் பிள்ளைப்பருவத்தில் தொடங்கியது என்று யாரும் சொல்ல முடியாது. குடும்பப் பிரச்சினையும் நோயுமே முதற் காரணங்களாகப் பதிவாகியுள்ளன. ஆனால் எந்தத் துயரமானாலும் அதை வெளியே சொல்லத் தெரியாமல் வளர்க்கப்பட்டவன் அதிக ஆபத்தில் இருக்கிறான்.

பழகிய மணியை அடங்கச் செய்ய முடியுமா? மறுபடியும் விஸ்கான்சினுக்கே போவோம். அங்கே ஹாரி ஹார்லோ என்பவர் ரீசஸ் குரங்குக் குட்டிகளைப் பிறந்தது முதல் ஆறு மாதம், ஓராண்டு என்று தனித்தனிக் கூண்டில் அடைத்து வளர்த்தார். கொடிய சோதனைதான்; இன்று அதற்கு அனுமதி கிடைப்பது அரிது, கிடைக்கவும் கூடாது. வெளியே வந்த குட்டிகள் தம்மைத் தாமே கட்டிக்கொண்டு மூலையில் ஆடிக்கொண்டிருந்தன. சம வயதுக் குரங்குகளோடு விட்டால் நடுங்கின. இவை தேறா என்றே முதலில் கருதினார்கள்.

பிறகு ஹார்லோவும் அவருடைய மாணவர் ஸ்டீபன் சூமியும் வேறொன்றைச் செய்து பார்த்தனர். ஆறு மாதம் அடைபட்டிருந்த குரங்குகளிடம், மூன்றே மாதமான குட்டிகளைத் திரும்பத் திரும்பச் சிறிது நேரம் விட்டனர். சண்டையிடத் தெரியாத வயது அது, ஒட்டிக்கொள்ளத்தான் தெரியும். மூலையில் கிடந்த குரங்கை அவை போய்த் தொற்றிக்கொண்டன. அது விலகினால் மீண்டும் வந்து தொற்றின. ஆறு மாத காலத்தில் அடைபட்ட குரங்குகள் பெரும்பாலும் மற்றவற்றைப் போலவே விளையாடத் தொடங்கின. 1972இல் வெளியான ஆய்வு இது.

குரங்குக்குச் சரி, மனிதருக்கு? 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின், கொட்டிவாக்கத்துக்கு வடக்கே அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டிய சீனிவாசபுரத்தில், குடும்பத்தாரைப் பறிகொடுத்தவர்களைத் தேடிச் சிலர் சென்றார்கள். மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்பின் தொண்டர்கள் அவர்கள். மருந்து கொடுக்கவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து, சொல்வதைக் கேட்டார்கள். இவ்வாறு துணை பெற்றவர்களிடம், பெறாதவர்களை விட மனச்சோர்வும் மன உளைச்சலும் குறைந்திருந்ததை 2008இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

அறையில் ஒதுங்கிக் கிடப்பவனிடம் "ஏன் இப்படி இருக்கிறாய்?" என்று கேட்டால் மணி அடிக்கும். "டீ குடிக்கப் போகிறேன், வருகிறாயா?" என்பதற்கு அது அவ்வளவாக அடிப்பதில்லை. அவன் பத்து முறை மறுக்கக்கூடும். பேச ஆளில்லை என்று உணர்பவர் தாமாகவும் அழைக்கலாம்: மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.