நீர் வடியும் உலர்கண்

மாத்தளை நகரிலிருந்து வடக்கே தம்புள்ளையை நோக்கிச் செல்லுந்தோறும் மலைநாட்டின் ஈரம் மெல்ல மறைகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைகளின் மேற்குச் சரிவிலே பொழிந்துவிட்டு, அப்பாலுள்ள சமவெளியில் வறண்ட காற்றாக வீசுகின்றது. அக்காற்றிலே நெடுநேரம் உழைப்போர்க்குக் கண் மணல் விழுந்தாற்போல உறுத்தும், சிவக்கும், சிலருக்குத் தாரையாக நீரும் வடியும். நீர் வடியுங் கண்ணில் வறட்சி ஏது என்று கேட்கத் தோன்றும். ஆயினும் அதுவும் உலர்கண் நோயாக இருத்தல் கூடும்.

கண்ணின்மேற் பரந்திருக்கும் கண்ணீர்ப் படலம் வெறும் நீரன்று. கண்ணோடு ஒட்டி நிற்பது வழுவழுப்பான சளிப்பொருள், அதன்மேல் நீர், அதன்மேல் மெல்லிய எண்ணெய்ப் படை. இவ்வெண்ணெயை இமை விளிம்பிலுள்ள நுண்ணிய சுரப்பிகள் சுரக்கின்றன. அவை அடைபட்டால் நீர் விரைவில் ஆவியாகிவிடும். உறுத்தலுற்ற கண் அவசரமாகப் பெருங்கண்ணீரைச் சொரியும். அதுவோ கண்ணில் நிலையாது கன்னத்தில் வழிந்தோடும்.

முதியோர், மாதவிடாய் நின்ற பெண்கள், நீரிழிவுடையோர் ஆகியோரிடத்து இந்நோய் மிகுதி. ஒவ்வாமைக்கு உட்கொள்ளும் சில மாத்திரைகளும் கண்ணீரைக் குறைக்கும். கைத்தொலைபேசியை உற்று நோக்குகையில் இமைத்தல் குறைவதால் இளைஞரும் இதற்குத் தப்புவதில்லை. கண்ணோடு வாயும் உலருமாயின், 1933 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வைத்தியர் ஹென்றிக் ஷோக்ரன் விரித்துரைத்த நோயோ என ஆராய்தல் வேண்டும்.

நோயை அறியும் முறை வியக்கத்தக்க எளிமையுடையது. ஒட்டோ ஷிர்மர் என்னும் ஜெர்மானியர் 1903 இல் வகுத்தபடி, வடிதாட் கீற்றொன்றைக் கீழிமையில் மாட்டி வைப்பர். 5 நிமிடத்தில் ஈரம் 5 மில்லிமீற்றருக்கு மேற் பரவாவிடின் நீர்ச்சுரப்புக் குன்றியதெனக் கொள்வர். எண்ணெய்க் குறையை இக்கீற்றுக் காட்டாது. அதற்குச் சாயத்துளி இட்டு, கண்ணீர்ப் படலம் எத்தனை வினாடியில் உடைகின்றதென நோக்குவர். 10 வினாடிக்குள் உடைந்தால் குறையுண்டு.

இந்நிலையிலே பலர் செய்வது, வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் துளிமருந்தைத் தாமே இட்டுக்கொள்வது. அதில் ஸ்டீரொயிட் கலந்திருப்பின் சிவப்பு மறையும். நாளடைவில் கண்ணழுத்தம் உயர்ந்து, நோவின்றியே பார்வை பறிபோகவுங் கூடும். தாய்ப்பால் பீச்சும் வழக்கமும் கிருமிக்கு இடந்தருவது.

செயற்கைக் கண்ணீர்த்துளியே முதல் மருந்து. அடிக்கடி இடுவோர்க்குப் பாதுகாப்புப்பொருள் கலவாதது நன்று. இளஞ்சூட்டு நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிடம் வைத்து, பின் இமை விளிம்பை மெல்ல நீவினால் உறைந்த எண்ணெய் இளகும். சில வாரங்களேனும் நாடோறுஞ் செய்தாலன்றிப் பயன் தெரியாது. இவற்றுக்கு அடங்காவிடின், கண்ணீர் வடிந்து செல்லும் சிறு துளையையே கண் வைத்திய நிபுணர் நுண்ணிய அடைப்பானால் மூடிவிடுவதும் உண்டு.