பிள்ளை கையில் கத்தி!

ஸ்ரீரங்கம் சேஷராய மண்டபத்தில், 16-ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் வடித்த கல் குதிரைகளைப் பார்த்து வந்ததிலிருந்து என் பதின்மூன்று வயது மகனுக்கு ஒரே பிடிவாதம். “அம்மா, மரத்தில் ஒரு குதிரை செதுக்கணும். கத்தி வேணும்!”

எனக்குப் பகீரென்றது. பென்சில் சீவும் மடக்குக் கத்தியைக் கொடுத்துச் சமாளித்தேன். மறுநாளே அது படக்கென்று மடங்கிக்கொண்டது. விரலில் இரண்டு தையல்!

தெருக்கோடித் தச்சர் தலையில் அடித்துக்கொண்டார். “மடக்குக் கத்தி ஆகாதம்மா. பிடியும் அலகும் அசையாமல் ஒன்றாக நிற்கணும். அலகு இரண்டு அங்குலம் போதும். நீளம் கூடினால் முனை எங்கே போகிறதென்று தெரியாது.”

திருச்சி பெரிய கடை வீதியில் பளபளக்கும் எவர்சில்வர் கத்திகளைத்தான் முதலில் எடுத்தேன். அவர் சொன்னபடி சாதா எஃகுக்கு மாறினேன். துடைத்து எண்ணெய் போட்டு வைக்க வேண்டும். ஆனால் சாணைக்கல்லில் சீக்கிரம் கூர் ஏறும்.

மழுங்கல் கத்திதான் பத்திரம் என்று நினைக்கிறீர்களா? மழுங்கிய அரிவாள்மணையில் பூசணிக்காய் நறுக்கிப் பாருங்கள்! அழுத்த அழுத்தத்தானே வழுக்குகிறது.

மரமும் முக்கியம். அரும்பாவூர்ச் சிற்பிகள் செதுக்கும் வாகையும் பூவரசும் உளிக்கு ஏற்றவை. கத்திக்கு, சன்னபட்டணம் பொம்மை செய்கிற வெட்பாலை மிருதுவானது. கட்டையை மடியில் வைத்துச் சீவ மட்டும் விடாதீர்கள். தொடையில் பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது.

குதிரை தயார். கொஞ்சம் கழுதைச் சாயல்தான். இந்தக் கொலுவில் அதற்கு மூன்றாம் படி!