150 மி.லி. வயிறும் 11 மணி நேரப் பயணமும்

வளர்ந்த ஒருவரின் இரைப்பை ஒரு வேளையில் 1,000 முதல் 1,500 மி.லி. வரை கொள்ளும். ஸ்லீவ் என்னும் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதம் வரை வெட்டி எடுக்கப்படுகிறது. மிஞ்சும் குழாய் தொடக்கத்தில் ஏறக்குறைய 100 முதல் 150 மி.லி. கொள்ளும். பைபாஸ் முறையில் உருவாக்கப்படும் சிறு பை அதைவிடவும் குறைவு, சுமார் 30 மி.லி. மாதங்கள் செல்லச் செல்ல இரண்டும் சற்றே இளகிக்கொடுக்கும். பழைய கொள்ளளவு திரும்புவதில்லை. இந்த அறுவை சிகிச்சை செய்தவர் கேளிக்கைப் பூங்காவுக்குப் போகும் ஒரு நாளைப் பற்றிய இந்தக் கணக்கு முழுவதும் 150 மி.லி. என்ற அளவை வைத்துப் போடப்பட்டது. தோராயமாக 150 கிராம் உணவு என்று கொள்ளலாம்.

இது யாரோ ஒரு சிலருடைய கணக்கு அன்று. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் உடல் நிறை எண் 25-ம் அதற்கு மேலும் உள்ள பெண்கள் 2015-16-இல் 30.9 சதவீதம், 2019-21-இல் 40.4 சதவீதம். ஆண்கள் 28.2-இலிருந்து 37.0 சதவீதம். இந்திய அளவில் அதே 2019-21 ஆய்வு காட்டுவது பெண்களில் 24.0, ஆண்களில் 22.9 சதவீதம் மட்டுமே. அறுவை சிகிச்சைக்கான உடல் நிறை எண் வரம்பும் இறங்கியிருக்கிறது. 1991-இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் வைத்த கோடு 40. இணைநோய் இருந்தால் 35. 2022-இல் ஓர் அமெரிக்க மருத்துவச் சங்கமும் ஒரு பன்னாட்டுச் சங்கமும் சேர்ந்து அதை 35 ஆக்கின, ஆசியருக்கு 27.5 முதலே பரிந்துரைக்கலாம் என்றன. 160 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு 40 என்பது 102.4 கிலோ, 27.5 என்பது 70.4 கிலோ. இடையில் உள்ளது 32 கிலோ. ராமநாதபுரம் பகுதியில் உள்ள மருத்துவர் சி. பழனிவேலுவின் ஜெம் மருத்துவமனை உட்பட, இந்த அறுவை சிகிச்சை செய்யும் இடங்கள் கோவையிலேயே உண்டு. அந்நகரின் காந்திபுரத்தில் பேருந்து ஏறும் சுற்றுலாக் கூட்டத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் இருப்பது இனி அபூர்வமாக இராது.

காந்திபுரத்திலிருந்து சிறுவாணி சாலையில் உள்ள கோவை கொண்டாட்டம் என்னும் கேளிக்கைப் பூங்கா சுமார் 15 கி.மீ. மேட்டுப்பாளையம் தாண்டி ஊட்டி மலையடிவாரத்தில் உள்ள பிளாக் தண்டர் பூங்கா சுமார் 40 கி.மீ. தொலைவான இடத்தையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். பூங்காவுக்குள் 8 மணி நேரம், போகவும் வரவும் 3 மணி நேரம். மொத்தம் 11 மணி நேரம் வீட்டுக்கு வெளியே. விழித்திருக்கும் 16 மணி நேரத்தில் இது 69 சதவீதம். ஒரு நாளின் சாப்பாட்டை வீடு திரும்பிய பின் ஈடுகட்ட முடியாது என்பதைக் காட்ட இந்தச் சதவீதமே போதும்.

அறுவை சிகிச்சைக்குப் பின் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை என்பது பரவலான மருத்துவப் பரிந்துரை. பலருக்கு 80 கிராம் வரை சொல்லப்படுகிறது. குறைந்த அளவையே எடுத்தாலும் 60 கிராமில் 69 சதவீதம் 41 கிராம். பயண நேரத்துக்குள் நான்கு முறை சிறிது சிறிதாகச் சாப்பிட்டால், ஒவ்வொரு முறையும் 10 கிராமுக்குச் சற்று மேல் உள்ளே போக வேண்டும். இடமோ 150 கிராம்தான். ஆகவே விலைப்பட்டியலைப் பார்க்குமுன் கேட்க வேண்டியது, 100 கிராம் உணவில் எத்தனை கிராம் புரதம் என்பது.

அவித்த முட்டையில் 13 கிராம். பனீரில் சுமார் 18. வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டலில் சுமார் 8. பொட்டுக்கடலையில் 22. சமைத்த கோழிக்கறியில் 25 முதல் 30. மறுபக்கம், இட்லியில் சுமார் 5 கிராம், சோற்றில் 2.7, உருளைக்கிழங்கு வறுவலில் 3.4, மோரில் 0.8. மூன்று இட்லி ஏறக்குறைய 120 கிராம். வயிறு நிறைந்துவிடும், கிடைத்த புரதம் 6 கிராம். இட்லி நல்ல உணவு என்பதில் கொங்கு நாட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த வயிற்றின் கணக்கில் அது இடத்தை அடைக்கிறது. பூங்காக்களிலும் பொருட்காட்சிகளிலும் கண்ணில் படுகிற டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, கோவைக்கே உரிய தள்ளுவண்டிக் காளான் எல்லாம் மாவும் எண்ணெயும் கூடிய பண்டங்கள். காளானின் பெயரில் இருக்கும் காளான் தட்டில் அதிகம் இருப்பதில்லை. முட்டைக்கோஸும் மாவும்தான் பெரும்பகுதி.

இனிப்பு இன்னொரு கணக்கு. வழக்கமான கோலா பானத்தில் 100 மி.லி.க்கு 10.6 கிராம் சர்க்கரை. 300 மி.லி. குடித்தால் 31.8 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் மேலும் நன்று என்கிறது. 2,000 கலோரி உண்பவருக்கு 5 சதவீதம் என்பது 25 கிராம். எல்லோருக்குமே அந்த ஒரு பாட்டில் அதிகம்தான். பைபாஸ் செய்தவருக்குப் பிரச்சினை உடனடியாகத் தெரியும்: செறிந்த சர்க்கரை குடலுக்குள் விரைந்து இறங்கினால் 10 முதல் 30 நிமிடத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிடிப்பு, பேதி, சிலருக்கு 1 முதல் 3 மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம். ராட்டினத்துக்கு ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பவருக்கு இந்த இரண்டாவது கால இடைவெளி முக்கியம். குடித்தது வெளியில், விளைவு உயரத்தில்.

தண்ணீர்க் கணக்குத்தான் பலரும் தவற விடுவது. நாளொன்றுக்குக் குறைந்தது 1,500 மி.லி. திரவம் என்றால், 11 மணி நேரப் பங்கு 1,030 மி.லி. ஆனால் சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. சாப்பிட்டு முடித்த 30 நிமிடத்துக்கும் கூடாது. சாப்பிட 30 நிமிடம், பிறகு 30 நிமிடம் என்று நான்கு முறைக்கு 240 நிமிடம் கழிந்தால், 660-இல் மிஞ்சுவது 420 நிமிடம், அதாவது 7 மணி நேரம். மணிக்கு 147 மி.லி. ஒரு மடக்கு 15 மி.லி. என்றால் மணிக்கு 10 மடக்கு, 6 நிமிடத்துக்கு ஒன்று. சாப்பாட்டுக்கு முன்னும் 30 நிமிடம் விடச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. அப்போது குடிக்கக் கிடைப்பது 5 மணி நேரம். மணிக்கு 206 மி.லி., ஏறக்குறைய 14 மடக்கு. சித்திரை வெயிலுக்காக இன்னும் 500 மி.லி. சேர்த்தால், 7 மணி நேரக் கணக்கிலும் அது மணிக்கு 219 மி.லி. ஆகிறது. தாகம் எடுத்தபின் ஒரே மூச்சில் அரை லிட்டர் குடித்துச் சரிசெய்யும் வசதி 150 மி.லி. வயிற்றுக்கு இல்லை. நீர்ச் சறுக்கில் நாள் முழுதும் நனைந்திருப்பவருக்கு வியர்ப்பது தெரியாது. அதனால் கடிகாரத்தைத்தான் நம்ப வேண்டும்.

இப்போது பணக்கணக்கு. பின்வரும் விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. வாசகர் தம் தெருக்கடை விலையை இட்டுப் பார்க்கலாம். முட்டை ஒன்று 7 ரூபாய். பனீர் கிலோ 400. கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை இரண்டும் கிலோ 120. ஒரு டப்பாவில் அவித்த முட்டை 2 (100 கிராம், புரதம் 13 கிராம், 14 ரூபாய்), பனீர் 60 கிராம் (10.8 கிராம், 24 ரூபாய்), 40 கிராம் கடலையை ஊறவைத்து அவித்த சுண்டல் சுமார் 100 கிராம் (8 கிராம், 5 ரூபாய்), பொட்டுக்கடலை 40 கிராம் (8.8 கிராம், 5 ரூபாய்). மொத்த எடை 300 கிராம். புரதம் 40.6 கிராம். செலவு 48 ரூபாய். ஒரு கிராம் புரதத்துக்கு 1 ரூபாய் 18 காசு. முட்டை சேர்க்காதவர் அதற்கு ஈடாக 72 கிராம் பனீர் கூட்டினால் செலவு 63 ரூபாய் ஆகும். 2025 செப்டம்பர் 22 முதல் பொட்டலப் பனீருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து பூஜ்யமாகிவிட்டது. கோலா வகைக்கு 40 சதவீதம். 2024 செப்டம்பரில் கோவைக் கூட்டத்தில் பன்னுக்கு வரி இல்லை, உள்ளே வைக்கும் கிரீமுக்கு 18 சதவீதம் என்று அன்னபூர்ணா உணவகங்களின் சீனிவாசன் நிதியமைச்சரிடம் சொன்னதை ஊர் மறந்திருக்காது. வரி விகிதம் சில சமயம் உணவியல் நிபுணரைப் போலவும் பேசுகிறது.

பூங்காவுக்குள் ஒரு கோழி பிரியாணித் தட்டு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மேலாக இருக்கும் சோற்றை 150 கிராம் சாப்பிட்டு வயிறு நிறைந்துவிட்டால் கிடைத்த புரதம் 4 கிராம். கிராமுக்கு 75 ரூபாய். அதே தட்டில் முதலில் கறித்துண்டு 60 கிராம், பிறகு சோறு 90 கிராம் என்று சாப்பிட்டால் 18 கிராம். கிராமுக்கு 16 முதல் 17 ரூபாய். பணம் ஒன்று, தட்டு ஒன்று. எதை முதலில் எடுத்தார் என்பதில் நான்கு மடங்குக்கு மேல் வித்தியாசம். அளவில்லாச் சாப்பாடு சேர்த்து விற்கப்படும் நுழைவுச் சீட்டு இவருக்கு முழு நஷ்டம். கூட வந்த அத்தை “இன்னும் ஒரு கரண்டி வெச்சுக்க கண்ணு” என்று போடும் 30 கிராம், அந்த வயிற்றில் 20 சதவீதம். அன்பானாலும் வாந்தியில் முடியக்கூடிய 20 சதவீதம்.

48 ரூபாய் டப்பாவுக்கு இரண்டு தடைகள். முதலாவது வெப்பம். சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் விதி. எனவே கெடும் வரிசையில் சாப்பிட வேண்டும்: முட்டை வாசலுக்கு வெளியிலேயே, பனீரும் தேங்காய் சேர்க்காத சுண்டலும் ஐஸ் பையோடு, பொட்டுக்கடலை கடைசியில். இரண்டாவது தடை வாசல். வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்ற பலகை பல பூங்காக்களில் உண்டு. முட்டையின் 13 கிராம் முடிந்தபின் டப்பா காவலரிடம் தங்கிவிட்டால், மீதி 27.6 கிராம் புரதத்தை உள்ளே தேட வேண்டும். பிரியாணிக் கணக்கின் விலையில் அது ஏறக்குறைய 460 ரூபாய்; டப்பாவில் அதன் விலை 34 ரூபாய்.

சட்டம் பூங்காவின் பக்கமே சாய்கிறது. 2018-இல் ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் திரையரங்குகளில் வெளி உணவுத் தடையை நீக்கச் சொன்னது. 2023 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது: அரங்கு தனியார் சொத்து, நுழைவு நிபந்தனை வைப்பது உரிமையாளர் உரிமை. கூடவே இரண்டு விஷயங்கள் பதிவாயின. குடிதண்ணீர் இலவசமாகத் தர வேண்டும். கைக்குழந்தைக்கான உணவைத் தேவையான அளவு கொண்டுவரலாம். தீர்ப்பு திரையரங்கைப் பற்றியது. அதை அப்படியே பூங்காவுக்குப் பொருத்த முடியுமா என்பதில் எச்சரிக்கை வேண்டும். ஆயினும் உடல் தேவைக்காக ஒரு விலக்கு இருக்கலாம் என்பதை உரிமையாளர் தரப்பே அங்கு ஏற்றிருக்கிறது. கைக்குழந்தையின் பால் புட்டி 250 மி.லி.; அறுவை சிகிச்சை செய்தவரின் டப்பா 300 கிராம்.

அறுவைக்குப் பின் முதல் இரண்டு வாரம் திரவம், அடுத்து மசித்தது, பிறகு மென்மையானது என்று போய், திட உணவுக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதற்கு முன் பூங்கா வேண்டாம். பின்னரும் எந்த ராட்டினம், எப்போது என்பதை அறுவை செய்த மருத்துவரே சொல்ல வேண்டும். போகிறவர்கள் மருத்துவமனைக் குறிப்பின் நகலைப் பையில் வைத்துக்கொண்டு, முன்தினமே பூங்காவுக்குத் தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது. பூங்கா நடத்துவோரிடம் கேட்பது இவ்வளவே: மருத்துவக் குறிப்பு காட்டுபவரின் 300 கிராம் டப்பாவை உள்ளே விடுங்கள், உணவுக்கூடத்தில் அவித்த முட்டையும் சுண்டலும் 100 கிராம் அளவில், அரைத்தட்டு விலையில் வையுங்கள்.